பல்லேகமவுக்கு மாற்றப்பட்ட கிளாக்கர்

எல்கடுவயில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். தூறல் விடவில்லை. பக்கத்தில் நிற்கும் செல்வமணி அக்கா தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். கையில் தேயிலைத்தூள் பொட்டலம். இரண்டு பஸ் மாறி பல்லேகமவுக்குப் போகிறாராம். அங்கே சொந்தக்காரர் யாருமில்லை. இங்கே அரசாங்க ஆபீஸில் இருந்த கிளாக்கரை அங்கே மாற்றிவிட்டார்கள். அவரைப் பார்க்கப் போகிறார்.

"ஏன் மாத்தினாங்க?"

"கட்சிக்காரர் லெட்டர் இல்லாம போனாலும் வேலைய செஞ்சு குடுப்பாரு. அதான். இப்ப அந்த மேசைல கட்சி ஆளு."

"உங்களுக்கு நிறைய உதவி செஞ்சாரோ?"

அக்கா சிரிக்கிறார். "எங்கங்க? வீடு கேட்டு போட்ட போர்ம, பிழை இருக்குன்னு மூணு தடவ திருப்பி அனுப்பினாரு. எங்க கட்சித் தலைவரு போர்மையும் அதே மாதிரிதான் அனுப்பினாரு."

புதியவர் அக்காவின் போர்மை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தாராம்.

"அப்ப நல்லதுதானே?"

"நாங்க ஜெயிச்ச கட்சிங்க தம்பி. லெட்டர் இருந்திச்சு. அடுத்த லயத்து வீட்டு வரிசையில இருக்கிற புள்ளகிட்ட இல்ல. அவ போர்ம இந்த புது ஆளு கையிலகூட வாங்கல."

வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்கிறது. அக்கா பொட்டலத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறார்.

"அடுத்த எலெக்சன்ல நாங்க தோத்தா? அதுக்குள்ள பழைய கிளாக்கரு திரும்பி வருவாரான்னு கேக்கத்தான் போறேன்."