மூன்று தடவை விழுந்த மூடி

வேலம்மாள் அக்கா போய்விட்ட சேதியை எனக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் மகள் கோமதி வாசலில் வந்து நின்றாள். பதினான்கு வயது. அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. மூக்குத்தி இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். அம்மாவுக்கு அவள் வைத்திருக்கும் சைகை அது. அப்புறம் உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்தாள். "தூங்குதாளா? தூங்கட்டும். ரெண்டு நாளா இருமிக்கிட்டே கெடந்தா" என்றேன், நான் ஒரு மடைச்சி. கோமதி என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தி, அப்படியே கீழே விட்டாள். மற்றக் கையிலிருந்த கரண்டி விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பின. கோமதி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவோடு தறியில் நின்றவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்கோடியில் இருந்த விசைத்தறிப் பட்டறையில் அக்கா இரண்டு தறி ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் நூல் சுற்றிக் கொடுப்பேன். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட அவளுக்குக் கண்மூடித் திறக்கிற நேரம் போதும். வேலைக்கு வரும்போது நெற்றியில் பெரிய குங்குமம், வாய் நிறைய வெற்றிலை, யாரையாவது ஒரு கேலி. "ஏட்டி சரசு, நீ பேசுத பேச்சுக்குத் தறியே மேலுட்டி, அது சாயங்காலமாவது நிக்கும்" என்பாள். எனக்கு வாய் நீளம் என்பது பட்டறை முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த நீள வாய் எந்த இடத்தில் மூடிக்கொண்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ரெண்டு மாத இடைவெளியில் குழந்தை பிறந்தது. அவளுக்குக் கோமதி, எனக்குக் கணேசன். அவள் வீட்டுக்காரர் பம்பாய்க்குப் போனவர் போனவர்தான். என் வீட்டுக்காரர் காசநோய் வந்து படுத்திருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது, பால்வாடி என்ற பேரையே அப்போது நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அக்காதான் முதலாளி அண்ணாச்சியிடம் போய் நின்றாள். "தூக்கிட்டு வந்தா வேலை நடக்கும் அண்ணாச்சி. தூக்கிட்டு வரப்பிடாதுன்னா ரெண்டு பேருமே வரல." அண்ணாச்சி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார். "பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னு ஒரு பேச்சு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே ரெண்டு தொட்டிலையும் அவுத்துருவேன். பழி என்னால சுமக்க முடியாது." தறிகளுக்குப் பின்னால் நூல் வைக்கும் அறையில், உத்திரத்தில் பழைய சேலையால் இரண்டு தொட்டில் கட்டினோம்.

அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்குமா என்று கேட்பீர்கள். தூங்கும். தறி ஓடுகிற வரைக்கும் தூங்கும். அந்தக் காலத்தில் அடிக்கடி கரண்டு போகும். பன்னிரண்டு தறியும் ஒரே அடியாக நிற்கும்போது அந்த அமைதி தாங்காமல் கணேசன் அலறி எழுந்திருப்பான். கோமதி அசைய மாட்டாள். "என்ன சமர்த்து பாரு! வரம் வாங்கிட்டு வந்திருக்கா" என்று பட்டறையே மெச்சும். எனக்கு வயிற்றெரிச்சல்தான். என் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அவளுக்கு மட்டும் எப்படி இப்படி ஒரு பிள்ளை என்று நினைப்பேன்.

கோமதிக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம் கரண்டு போனது. அக்கா தண்ணீர் குடிக்க வெளியே போனாள். கோமதி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலி நூல்குழல் ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சாப்பிடலாம் என்று தூக்குச்சட்டியைத் திறந்தேன். மூடி கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. என் மடியில் இருந்த கணேசன் தூக்கிவாரிப் போட்டு அழுதான். கோமதி விளையாடிக்கொண்டிருந்தாள். மூடியை எடுத்து, வேண்டுமென்றே அவள் முதுகுக்குப் பின்னால் போட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உயரத்திலிருந்து. பிள்ளை அந்தக் குழலை வாயில் வைத்துச் சப்பியது.

அக்கா உள்ளே வந்தாள். "என்னட்டி சத்தம்?" என்றாள்.

"மூடி விழுந்திருச்சுக்கா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லியிருந்தால் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைவாள், விஷயம் அண்ணாச்சிக்குத் தெரியும், தொட்டிலை அவிழ்ப்பார். என் வீட்டில் அடுப்பு எரியாது. இந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது. அவளே கண்டுபிடிப்பாள், தாய்க்குத் தெரியாததா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதன் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை தினமும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்தது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அக்கா, "ராங்கிக்காரி, அவ அப்பன் மாதிரி" என்று சிரிப்பாள். நானும் கூடச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வருவாள். நம் ஊரில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைக்குப் பூசுகிறதுதான். அவள் காதுக்குப் பின்னால் பூசுவாள். ஏதோ சிரங்குபோல என்று இருந்துவிட்டேன்.

இரண்டரை வயதாகியும் பேச்சு வராமல் போனபிறகு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். நானும் கூடப் போனேன். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இப்பமா கூட்டிட்டு வாரது?" என்றார். ஒரு வயதுக்குள் வந்திருந்தால் மிச்சமிருந்த கேட்கும் சக்தியை வைத்தே பேச்சுப் பழக்கியிருக்கலாம் என்றார். பிறவியிலேயே இப்படியா, தறிச் சத்தத்தாலா என்று அக்கா கேட்டாள். "தினமும் அதுக்குள்ளயா போட்டிருந்தீங்க?" என்று திருப்பிக் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, அது அதிர்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

கோமதியை அங்கேயே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அக்கா ஒண்டியாகத் தறி ஓட்டிப் படிக்க வைத்தாள். நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் எனக்கு இந்தப் பால்வாடி வேலை கிடைத்தது. புதிதாக ஒரு குழந்தை வந்தால், முதல் நாளே அதன் பின்னால் நின்று தூக்குச்சட்டி மூடியைத் தரையில் போடுவேன். பெற்றவர்கள், டீச்சருக்குக் கை நடுக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

போன ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அக்கா இருமிக்கொண்டே பால்வாடிப் பக்கம் வந்தாள். பஞ்சுத் தூசி அதற்குள் அவள் நெஞ்சைத் தின்றிருந்தது. நான் ஒரு புதுக் குழந்தைக்குப் பின்னால் மூடியைப் போட்டேன். குழந்தை திரும்பியது. வாசலிலிருந்து அக்கா சொன்னாள்:

"அன்னைக்கு மூணு தடவை போட்ட. இன்னைக்கு ஒண்ணோட நிறுத்திட்ட."

"பாத்தியாக்கா?"

"வாசல்லதான நின்னேன். எனக்கு அதுக்கும் ரெண்டு மாசம் முன்னயே தெரியும்ட்டி. நீ சொல்லிருவியோன்னு நடுங்கிக்கிட்டு நின்னேன். சொன்னா தொட்டில் போயிரும், சோறு போயிரும். அதான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி, என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே வந்தேன். நீ மூடி விழுந்துச்சுன்ன. மனசுக்குள்ள உன்னக் கையெடுத்துக் கும்பிட்டேன்." கொஞ்சம் இருமினாள். "அந்த டாக்டர் கேட்டதுலேருந்து, அதுக்காகவே உன்ன மன்னிக்க முடியல. என்னையும்தான்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அந்தப் புதுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவளுக்குப் பசிக்கு, சோத்தப் போடு" என்றாள்.

மன்னித்தாளா என்று தெரியாமலேதான் அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பினோம். என்னிடம் அவளுடையது என்று மிச்சம் இருப்பது அன்று பட்டறை வாசலில் அவள் கேட்ட அந்த ஒரு கேள்விதான். நேற்று ஒரு குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள், ஒன்றரை வயசு. பின்னால் நின்று மூடியைப் போட்டேன். குழந்தையைப் பார்க்க வேண்டிய கண் தானாக வாசலுக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்டது, வெற்றிலை வாயோடு, என்னட்டி சத்தம் என்று.

பதிமூணு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்க வேண்டிய பதிலை நேற்றுச் சத்தமாகவே சொன்னேன்.

"பிள்ளைக்குக் காது கேக்குதான்னு பாக்கேன்க்கா."