கூண்டிலிருந்து வந்த ‘நிறுத்து’

கிரேன் ஓட்டுபவருக்கு வேலையிடத்தில் ‘ஆகாசம்’ என்று பெயர். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். ஒரு ஆள் உட்காருகிற கண்ணாடிக் கூண்டு, இரண்டு லிவர், ஒரு தண்ணீர் பாட்டில். பல வருடம் அது அவருக்கு ராஜ்ஜியமாக இருந்தது.

மழைக்காலத்தில்தான் அது சிறையானது. கதவைச் சாத்தியதும் நெஞ்சு படபடக்கும், மூச்சு தொண்டையோடு நின்றுவிடும், இதோ செத்தோம் என்று தோன்றும். டாக்டர் சோதித்துவிட்டு, “இதயம் நல்லா இருக்கு. இது பதற்ற நோய். மருந்து இருக்கு, பேசிப் பேசியே சரி பண்ற வழியும் இருக்கு. மனநல டாக்டரப் பாருங்க” என்றார்.

அவர் போகவில்லை. போனது தெரிந்தால் வேலை போய்விடும். முன்பு இப்படி வாய்விட்டுச் சொன்ன ஒரு லாரி ஓட்டுநரை நிர்வாகம் மறுநாளே வெளியே அனுப்பியிருந்தது. இரும்புக் கயிற்றில் ஓர் இழை அறுந்தால் விழுந்தடித்து மாற்றுகிறார்கள். கயிற்றுக்குத் தைரியம் போதாது என்று யாரும் சொல்வதில்லை. மனிதன் இழை இழையாக அறுந்தால் மட்டும் அதற்குக் கோழைத்தனம் என்று பெயர். என்ன நியாயம் இது?

“லீவு நாள் பூரா சுவத்தையே பாக்குறீங்களே, அது ஏதாச்சும் பதில் சொல்லுச்சா?” என்று மனைவி கேட்டாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

“தூக்கம் சரியில்ல” என்று அவர் மழுப்பினார்.

கீழே நின்று சைகை காட்டுபவன் அவள் தம்பி. அன்றும் வாக்கி-டாக்கியில் வம்பிழுத்தான்.

“என்ன மாமா, மூஞ்சி தொங்குதாமே? அக்கா சாத்திட்டாளா?”

“வாய மூடிட்டுக் கொக்கிய மாட்டு மாப்ள.”

தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் சைகைக்காரன் மட்டுமே சொல்லலாம். ‘நிறுத்து’ மட்டும் யாரும் சொல்லலாம். கூட்டுகிற பெண் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும்; காரணம் கேட்கக்கூடாது. கூண்டில் இருப்பவனும் சொல்லலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை, அவருக்கும்தான்.

கம்பிக்கட்டு பாதி உயரத்தில் இருந்தபோது அந்தப் படபடப்பு வந்தது. விரல் மரத்தது. கண்ணாடிச் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது. கட்டு போகவேண்டிய வழியில் ஆட்கள் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள், மச்சானும் அங்கேதான். லிவரை விட்டார். கட்டு அந்தரத்தில் நின்று மெல்ல ஆடியது. வழக்கம்போல் பல்லைக் கடித்து ஓட்டிவிடலாம். ஒரு விரல் தப்பினால்?

“மாமா, திருப்பு! என்ன ஆச்சு?”

அவர் திருப்பினார், எதிர்ப்பக்கம், ஆளில்லாத மண் மேட்டுக்கு. இம்மி இம்மியாக இறக்கினார். கட்டு மண்ணில் படிந்து கயிறு தளர்ந்தது.

“நிறுத்து.”

“யாரு சொன்னா?”

“நான்தான்.”

“ஏன்?”

“காரணம் கேக்கக்கூடாது மாப்ள.”

வாக்கி-டாக்கி கரகரத்தது. பிறகு மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார். “என்னய்யா விளையாட்டு? கான்கிரீட் இறுகுது. முடியலன்னா சொல்லு, நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்.”

முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் எத்தனையோ நாளாகத் தொண்டையில் மூச்சோடு சேர்ந்து சிக்கியிருந்தது.

“முடியல சார். எனக்கு உடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கு வந்திருக்கு. இன்னைக்கு ஓட்டினா யாராவது சாவாங்க.”

மேற்பார்வையாளர் ஏதோ கத்தினார். கீழே மச்சான் இரண்டு கையையும் அகல விரித்து நின்றான். மொத்த வேலையிடத்துக்குமான ‘நிறுத்து’ அது. கூட்டுகிற பெண்ணும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கையை விரித்தாள்.

பிறகு அவன் ஏணியில் கால் வைத்தான்.

கதவைத் திறந்தாலும் ஆகாசத்துக்கு மூச்சு வரவில்லை. நாளைக்கு வேலை இருக்காது என்று தெரியும். ஏணியில் ஏறிவரும் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவசரமில்ல மாமா,” என்றான் மேலே வந்த மச்சான், மூச்சிரைக்க. “முதல்ல எறங்கலாம். அப்புறம் மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட. நானும் வரேன்.”