தோடு தெரியாத படம்

எண்பதுகளோட தொடக்கத்துல கல்யாணமாகி நான் உசிலம்பட்டிக்குப் போகையில, சீர்ப் பாத்திரங்களோட ஒரு தகரப்பெட்டியும் கூட வந்துச்சு. அதுக்குள்ள நகையும் இல்ல, பட்டும் இல்ல. ஆகாசத்துக்குப் போனவங்க படங்கதான். எங்க ஊரு பரவையில படிச்ச காலத்துலருந்து சேர்த்தது. ரஷ்யாவுலருந்து வழவழன்னு ஒரு மாசப் பத்திரிகை அப்ப மலிவாக் கிடைக்கும். ஊரே அதக் கிழிச்சுப் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுச்சு. நான் மட்டும் அட்டை போட்ட பிள்ளைககிட்டக் கெஞ்சி, பழுப்புக் காகிதத்த மாத்திக் குடுத்து, படத்த வாங்கிட்டு வருவேன். ராக்கெட்டு, நிலாத் தரை, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுச் சிரிக்கிற ஆளுக.

அதுல ஒரு படந்தான் எனக்கு உசுரு. ஆகாசத்துக்கு முதமுதலாப் போன பொம்பளையோட படம். ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சி மட்டுந்தான் தெரியும். பரீட்சைக்குப் போறப்பல்லாம் அவளப் பார்த்துட்டுத்தான் போவேன்.

முத ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன், நடுவீட்டுல என் பெட்டி தொறந்து கெடக்கு. வீட்டுக்காரரோட அக்கா, நான் மதினின்னு கூப்பிடுற மகராசி, படத்தையெல்லாம் பரப்பி வச்சு உக்காந்திருக்காக, வீட்டு ஆளுக எல்லாரும் சுத்தி நிக்காக. அடுத்தவ பெட்டியத் தொறக்கலாமான்னு அந்த வீட்ல ஒருத்தருக்காவது தோணுச்சா?

"இம்புட்டு ஆம்பளைக படத்த ஒளிச்சு வச்சிருக்கியே, யாரு இவனுகெல்லாம்? மோட்டார்சைக்கிள் ஓட்டுறவனுகளா?"

சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியல. எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னேன். கேட்டுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னாக. நிலாவும் ராக்கெட்டும் இருந்துட்டுப் போகட்டுமாம், ஆம்பளைய மட்டும் வெட்டி எடுத்துரணுமாம். கத்தரிக்கோலு கையிலயே இருந்துச்சு. ஒவ்வொரு தலையா விழுந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். என் உசுருப் படத்த எடுத்ததும் பாய்ஞ்சு பிடிச்சேன்.

"மதினி, இது பொம்பள!"

"பொம்பளையா? பொட்டு எங்கடி? தோடு எங்க?"

"ஹெல்மெட்டுக்குள்ள காதே தெரியல, தோடு எப்படித் தெரியும்? வெள்ளக்காரி பொட்டா வைப்பா?"

"பொம்பளைக்கு அங்கிட்டு என்ன சோலி? யாருகிட்டக் கதை விடுற?"

பக்கத்துல நின்ன வீட்டுக்காரரப் பார்த்தேன். அவரு செவத்துக் காலண்டரப் பார்த்துக்கிட்டு நின்னாரு. மதினி அந்த மூஞ்சிய வெட்டி அடுப்புல போட்டாக. நான் ஓன்னு அழுதேன்.

மறுநாக் காலையில காப்பி குடுக்கப் போனப்ப அவரு மெதுவாச் சொன்னாரு.

"அது பொம்பளதான். நானும் பேப்பர்ல பார்த்திருக்கேன்."

"தெரிஞ்சுமா சும்மா நின்னீக?"

"அம்புட்டுப் பேரு முன்னாடி அக்காவத் தப்புன்னு சொல்ல முடியுமா? பாவம், அது மனசு சங்கடப்படும்ல."

டம்ளர நங்குன்னு வச்சுட்டு வந்துட்டேன். நடுவுல ஓட்டை விழுந்த அந்தத் தாளு இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. எடுக்கிறப்பல்லாம் வயிறு எரியுது. மதினி மேலகூட அம்புட்டுக் கோவமில்ல. அவுகளுக்குத் தெரியாது, வெட்டுனாக. தெரிஞ்சவரு கூடத்தான் நான் இம்புட்டு வருசமாக் குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கேன்.