பாலைப்பழக் காலத்தில் ஒரு கல்மலை ஓட்டம்

வன்னியில் ஓடிப் பழகுகிறவனுக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. ஏற்றம் கிடையாது. வவுனியாவில் பதினொரு வருடமாக வசிக்கிறேன், அதில் ஆறு வருடமாக ஓடுகிறேன். குளக்கட்டில் ஏறுவதுதான் எனக்குத் தெரிந்த மலையேற்றம். இந்த வருடம் மலைநாட்டில் நடக்கும் ஓர் அரை மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று மனைவி கேட்டதையும் காதில் போடாமல், மேடு தேடி அலைந்தேன். துணுக்காய்ப் பக்கம் காட்டுக்குள் ஒரு கல்மலை இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். யூலை மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். இதேபோல் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், நான் செய்த பிழையையும் சேர்த்து.

அதிகாலை 4.20க்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். மாங்குளம் வரை ஏ-9, பிறகு இடப்பக்கம் மல்லாவி வீதி, அதன்பின் துணுக்காய். அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக எட்டுக் கிலோமீற்றர் கிரவல் றோட்டு. என் மீற்றர் கணக்கில் மொத்தம் 74 கிலோமீற்றர். 6 மணிக்கு ஊரின் ஒரே கடைக்கு முன்னால் நின்றேன்.

கடையை நடத்துபவர் யோகம் அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவருடைய கணவர் தவம் அண்ணை முன்னால் மர வாங்கில் உட்கார்ந்து இடக்கையால் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. ஓட வந்திருக்கிறேன் என்றதும் அவர் என் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஆரும் துரத்தினால்தான் நாங்கள் ஓடுறனாங்கள். நீங்கள் காசு செலவழிச்சு வந்து ஓடுறியளோ?"

"ஓம் அண்ணை. போட்டிக்கும் காசு கட்டியிருக்கிறன்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. நெடுநேரம் சிரித்தார். யோகம் அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, இது பாலைப்பழக் காலம். பழம் தின்னக் கரடி வரும். கையைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு போங்கோ. காட்டு வாசலிலை ஐயனாருக்கு ஒரு குழை முறிச்சுக் கொழுவுங்கோ. வரேக்க அதை எடுத்துப் போடுங்கோ. எத்தினை மணிக்கு வருவியள்?"

"ஒன்பதுக்குள்ள வந்திடுவன் அக்கா."

வண்டியைக் கடையடியில் விட்டுவிட்டு 6.10க்கு ஓடத் தொடங்கினேன். கடை வாசல் வேம்பிலேயே ஒரு கிளையை முறித்துக்கொண்டேன். காட்டு வாசலில் கிளைக்கு எங்கே போவது என்ற முன்யோசனை. காட்டில் கிளை இருக்காதா என்று கேட்காதீர்கள், அந்நேரம் எனக்குத் தோன்றவில்லை.

1.6 கிலோமீற்றரில் வயல் முடிந்து காடு தொடங்குகிறது. அங்கே ஒரு வீரை மரம், அடியில் ஐயனாருக்கு ஒரு கல்லும் சூலமும். பக்கத்து மரத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பியில் குழை கொழுவ வேண்டும். வேறு ஒரு குழையும் தொங்கவில்லை. என் வேப்பங்குழையைக் கொழுவி, கும்பிட்டு, படமும் எடுத்துக்கொண்டேன்.

பாதை நன்றாக இருக்கிறது. உழவு இயந்திரத் தடம் இரண்டு, நடுவில் புல். தடத்தை விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி இருப்பதாக எச்சரித்த பழைய சிவப்புப் பலகைகள் எடுக்கப்பட்டுவிட்டன என்பது வேறு, இறங்காமல் இருப்பது வேறு. பாலையும் முதிரையும் மேலே கூடி நிற்பதால் எட்டு மணி வரை வெயில் படாது. மெல்ல மெல்ல ஏறும் பாதை. காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது கிலோமீற்றரில் பாலைவிதைகள் நிறைந்த கரடி எச்சம் கிடந்தது. அதன்பின் மிக உற்சாகமாகக் கை தட்டினேன்.

ஐயனாரிலிருந்து 4.8 கிலோமீற்றரில் கல்மலை. இங்கே மலை என்றால் ஒரு பெரும் கற்பாறைதான், வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 300 மீற்றர் ஓட்டத்தில் 40 மீற்றர் உயரம் ஏறலாம், வன்னியில் இது பெரிய விடயம். ஆறு தடவை ஏறி இறங்கினேன். உச்சியிலிருந்து காடு ஒரே பச்சையாகத் தெரிந்தது. தூரத்தில் ஒரு குளம்.

7.55க்கு இறங்கியபோது மேற்குப் பக்கமிருந்து லாண்ட்மாஸ்டர் என்ற கைப்பிடி உழவு இயந்திரத்தில் ஒருவர் வந்தார். மறிக்காமலே நிறுத்தி, "இதாலை நேர போனால் அஞ்சு கிலோமீற்றரிலை மல்லாவி றோட்டு" என்றார். ஓடுகிறவர்களுக்கு இந்த வியாதி தெரியும். வந்த வழியே திரும்புவதென்றால் கால் கனக்கும், புது வழி என்றால் பறக்கும். பறந்தேன். 5.3 கிலோமீற்றர், 8.35க்குத் தார் றோட்டு. வந்த பஸ்ஸில் ஏறி மல்லாவிக்குப் போனேன். மல்லாவியில் பாணும் சம்பலும் இரண்டு பிளேன்ரீயும் 420 ரூபாய். கடை வாங்கில் காலை நீட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தில் பதிந்த பாதை வரைபடத்தைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி என்று சொன்னது நினைவில் இருந்தது. சொல்வதற்கு அவர்களுடைய தொலைபேசி எண் இல்லை. வண்டிதானே, அது எங்கே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன். 10.45க்கு ஓர் ஓட்டோ பிடித்தேன், 900 ரூபாய்.

11.10க்குக் கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. ஓட்டோக்காரர் வண்டியை நிறுத்தாமலே சுற்றிப் பார்த்தார். "கடையைத் திறந்துபோட்டு எங்க போட்டினம்? காட்டடியிலை ஏதும் நடந்திட்டுதோ தெரியாது" என்று என்னை அங்கேயே கொண்டுபோய் இறக்கினார்.

யோகம் அக்கா வீரை மரத்தடியில் தனியே நின்றார். கம்பியில் இரண்டு குழைகள். வாடிய வேப்பங்குழை என்னுடையது. பக்கத்தில் வாடாத வீரங்குழை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்காலை வாறியள்?"

"மல்லாவியாலை அக்கா. அங்காலை ஒரு பாதை இருந்தது."

"வேப்பங்குழை உங்கடைதானே. எடுக்காமல் கிடக்கு, வண்டியும் நிக்குது. ஒன்பதரைக்கு இவர் உங்களைத் தேடி உள்ளுக்குப் போட்டார்."

அப்போதுதான் விளங்கியது. குழை ஐயனாருக்கு மட்டும் இல்லை. கம்பியில் தொங்கினால் ஒருவர் உள்ளே இருக்கிறார், எடுத்தால் வந்துவிட்டார். ஊர் முழுக்க அதைப் பார்த்துத்தான் ஆளைக் கணக்கெடுக்கிறது. நான் அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

மிச்சத்தையும் அவரே சொன்னார். போன வருடம் இதே பாலைப்பழக் காலத்தில் மாடு தேடிப் போன தவம் அண்ணையைக் கரடி பிடித்தது. வலத்தோள் சதை போய்விட்டது, கை தோளுக்கு மேலே எழும்பாது. அதன்பின் அவர் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. "நான் வேண்டாம் எண்டனான். ஆக்கள் வயலாலை வரட்டும் எண்டனான். குழை கிடக்கு எண்டிட்டுப் போட்டார்."

நான் உள்ளே போய்க் கூப்பிட்டுவருவதாகச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்களும் போனால் நான் எத்தினை குழையைப் பாத்துக்கொண்டு நிக்கிறது? பேசாமல் இருங்கோ."

இருந்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு மனிதர் ஒற்றைக் கையோடு கரடிக் காட்டில் என்னைத் தேடிக்கொண்டிருக்க, நான் சம்பல் உறைப்பு என்று இரண்டாவது பிளேன்ரீ குடித்திருக்கிறேன். யோகம் அக்கா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைக் குவித்துக் கூ என்று கூப்பிட்டார். காடு சும்மா இருந்தது. நானும் கூப்பிட்டேன். இப்படி ஒரு மணித்தியாலம். 12.15க்கு எங்கோ தூரத்தில் ஒரு கூ கேட்டது. அக்கா நிலத்தில் இருந்துவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் தவம் அண்ணை வந்தார். சேட்டு வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, முழங்காலில் கல் உரசிய காயம். என்னைக் கண்டதும் நின்றார்.

"அந்தக் கல்லிலை ஆறுதரம் ஏறி இறங்கியிருக்கிறியள். கல்லடி மண்ணிலை சப்பாத்துத் தடம் பாத்தனான். வழி தெரியாமல் ஆள் அந்தரப்பட்டு ஓடித் திரிஞ்சிருக்கிறார் எண்டு நினைச்சன். மேற்காலை லாண்ட்மாஸ்டர் திரும்பிப் போன தடம்தான் கிடந்தது. கல்லைச் சுத்தி ஒவ்வொரு பத்தையா விலக்கிப் பாத்தனான்."

"அது பயிற்சி அண்ணை" என்று சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக வேறெந்தச் சொல்லும் வாயிலிருந்து வந்ததில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றும் சொன்னேன்.

அவர் இடக்கையை நீட்டித் தன் குழையைக் கம்பியிலிருந்து எடுத்துப் போட்டார். என்னுடையதை எடுக்கவில்லை. "உங்கடையை நீங்கள்தான் எடுக்கோணும்" என்றார் அக்கா. எடுத்தேன். மூவரும் நடந்து கடைக்குப் போனோம்.

இனிப் போகிறவர்களுக்கு. ஊருக்கு வழியைத் துணுக்காயில் கேளுங்கள், கல்மலை என்றால் காட்டுவார்கள். போய்வரப் பெற்றோல் மூன்றரை லீற்றர். தண்ணீர் இரண்டு லீற்றர் கொண்டுபோங்கள், உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை. தொலைபேசி ஐயனார் வரைதான் வேலை செய்யும். பாலைப்பழக் காலத்தைத் தவிருங்கள். கடையிலிருந்து கல்மலைக்குப் போய்த் திரும்ப 12.8 கிலோமீற்றர், ஏற்றம் எத்தனை முறை என்பது உங்கள் விருப்பம். ஆனால் எத்தனை முறை என்று கடையில் முதலே சொல்லிவிட்டுப் போங்கள். மேற்குப் பாதையின் வரைபடத்தைப் பலர் கேட்பீர்கள். அழித்துவிட்டேன்.

ஒக்ரோபரில் மறுபடி போனேன். போன வழியே திரும்பி 8.35க்குக் கடைக்கு வந்தேன். தவம் அண்ணை பாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எடுத்தாச்சோ?"

"ஓம் அண்ணை, எடுத்தாச்சு."

அதன்பிறகுதான் யோகம் அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.