இரவல் கொப்பியில் ஒரு பெயர்

மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு வாசிகசாலையில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம் அது. இரண்டு அறை, நாலு அலுமாரி, பத்திரிகை வாசிக்க ஒரு நீள மேசை. அந்த மேசையில்தான் இரவல் கொப்பி விரிந்தபடி கிடக்கும். புத்தகம் எடுத்துப் போகிறவர் தன் பெயர், ஊர், புத்தகத்தின் பெயர் எல்லாவற்றையும் தன் கையால் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். பேப்பர் பார்க்க வருகிற எவரும் அதைப் புரட்டலாம். புரட்டுவார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு வருடம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்து காலமாகிவிட்ட ஒரு அப்போதிக்கரியின் மனைவி அவருடைய புத்தகங்களை எங்களுக்குத் தந்தார். தூசி தட்டி எடுக்கும்போது உள்ளேயிருந்து துண்டுக் கடதாசிகள் விழுந்தன. நோயாளிகளின் பெயர்கள், இன்ன வருத்தம், இன்ன மருந்து. இரண்டு பேரை எனக்குத் தெரியும். மேலே வாசிக்கக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அப்போதே அடுப்பில் போட்டார். நல்ல வேலை செய்தோம் என்ற நினைப்போடு திரும்பி வந்தேன்.

அந்தப் புத்தகங்களுக்குள் தமிழில் எழுதிய வைத்திய நூல் ஒன்றும் இருந்தது. தோல் வியாதிகளைப் பற்றியது, அதிலும் பெருவியாதி என்கிற குட்டநோயைப் பற்றித்தான் அதிகம். அதை முதலில் எடுத்துப் போனவர் ஒரு காத்தான்குடிக்காரர். வீட்டோடு தறி போட்டுச் சாறன் நெய்வித்து விற்பவர். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அழைக்கிற மாதிரி, நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வழக்கமாகக் கதைப் புத்தகம் எடுப்பவர், அன்றைக்கு இதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொப்பியில் எழுதி ஒப்பம் வைத்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு வந்தார். வாசிகசாலையில் வேறு ஆள் இல்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"தம்பி, நான் இந்தப் பொத்தகம் எடுத்தது ஆருக்குச் சொன்னீங்க?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல காக்கா."

"அப்ப எப்படி ஊருக்கெல்லாம் தெரியும்? என்ட வீட்டுல பெருவியாதியாம். சந்தையில என்ட சாறனைத் தொட்டுப் பாக்கவும் ஆளில்ல. பிள்ளையோட விளையாட வாற பிள்ளைகளையும் மறிச்சுப் போட்டாங்க."

என் கண் தானாக அந்தக் கொப்பிக்குப் போனது. அவரும் அதைப் பார்த்தார். குனிந்து ஏட்டைப் பின்னுக்குப் புரட்டினார். அவருடைய பெயர், ஊர், புத்தகத்தின் பெயர், அவருடைய சொந்தக் கையெழுத்தில். அதற்குப் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

அவருடைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கன்னத்தில் வெளிறிய படை ஒன்று வந்திருந்தது. டாக்டரிடம் காட்டினால் பெயரை எழுதி, பிள்ளையைத் தோணியில் ஏற்றி, வாவித் தீவில் பெருவியாதிக்காரரை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். அதனால்தான் புத்தகத்தைப் பார்த்துத் தானே அறிந்துகொள்ள நினைத்திருக்கிறார்.

"படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுது தம்பி. அவட உம்மா சோறு தின்னுறதில்ல" என்றார்.

நாவற்குடாவில் எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர் இருந்தார். அன்று பின்னேரமே சைக்கிளில் போய், பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையைக் காட்டலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல பிள்ளையக் கொண்டு வாங்க. பேரைப் பிறகு பாப்பம்."

அடுத்த நாள் காலை மாட்டுக் கரத்தையில் வந்தார்கள். பிள்ளையின் முக்காடு மூக்குவரைக்கும் இழுத்து விடப்பட்டிருந்தது. டாக்டர் அவளை உள்ளே கூட்டிப்போனார். காக்காவும் நானும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் துண்டால் கன்னத்தைத் தொட்டிருப்பார் போலிருக்கிறது, பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"இப்ப தெரியுதா மகள்?"

"ஓம்."

"இப்ப?"

"ஓம். கூசுது."

பிள்ளை சிரித்துவிட்டாள். பெருவியாதிப் படையில் உணர்ச்சி இருக்காது என்பது புத்தகம் படித்த காக்காவுக்குத் தெரியும். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெறும் தேமல்தான் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். பூசுவதற்கு ஒரு களிம்பும் தந்தார். பெயரை அவர் கேட்கவே இல்லை.

கொப்பியைப் புரட்டியவர் யார் என்பது எனக்குத் தெரிய நாளெடுக்கவில்லை. தினமும் பேப்பர் பார்க்க வரும் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. நான் கேட்டதும் முகம் வாடிப்போனது.

"நான் பொய்யொண்டும் சொல்லல்லியே தம்பி. அதில எழுதியிருந்ததத்தானே சொன்னன்" என்றார்.

எழுத வைத்தவன் நான். விரித்து வைத்தவனும் நான்.

அந்த மாதம் வாசிகசாலைச் சபைக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன், யாருடைய பெயரையும் சொல்லாமல். இனி ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு இலக்கம், கொப்பியில் அந்த இலக்கம் மட்டும். பெயர்கள் என் மேசை லாச்சிக்குள், பூட்டோடு. புத்தகம் திரும்பி வந்ததும் அந்த வரியை மையால் அழித்துவிட வேண்டும் என்றேன். தலைவருக்கு இது பிடிக்கவில்லை.

"பொத்தகம் தொலைஞ்சா ஆரைப் பிடிக்கிற?"

"வாற வரைக்கும் வரி இருக்கும் ஐயா. வந்த பிறகு அது நமக்கு எதுக்கு?"

தலைவர் கொப்பியின் தடிப்பை விரலால் பார்த்தார். "பழசையும் அழிக்கவேணுமே, அதுக்கு எத்தினை நாளாகும்?" என்று கேட்டார். அப்படித்தான் அவர் சம்மதித்தார். எனக்கு இரண்டு கிழமை ஆனது. அழிக்கிறபோதுதான் அந்த ஏடுகளை முதன்முதலாகக் கவனித்தேன். யார் பிள்ளைப்பேறு பற்றி வாசித்தார், யார் வழக்குச் சட்டம் தேடினார், எல்லாம் இருந்தது. பார்க்காமல் அழிக்கப் பழகிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதைக் காக்கா தானே போய் ஊரில் சொன்னார். சிலர் நம்பினார்கள். சந்தையில் ஆட்கள் திரும்பி வரப் பல மாதம் பிடித்தது. இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் கடைசிவரை வரவில்லை. கிளாக்கர் அவரிடம் ஒரு சோடிச் சாறன் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

காக்கா என்மேல் கோபம் வைத்திருக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு அவர் வாசிகசாலைப் படி ஏறவில்லை. தெருவில் கண்டால் சைக்கிளை நிறுத்திச் சுகம் விசாரிப்பார். மகள் நல்லாயிருக்கிறாள் என்பார். புதிதாக வந்த கதைப் புத்தகங்களைப் பற்றி நான் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார், "வாறன் தம்பி, வாறன்" என்பார். வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.