யோகண்ணையின் மருமகன் பந்தெறிந்த காலம்

மகளின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. இந்த ஆண்டு விளையாட்டு வகுப்பில் பேஸ்பாலும் உண்டாம். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாமாம். சாப்பாட்டு மேசையில் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்பா, டு யூ ஈவன் நோ வாட் எ பிட்சர் டஸ்?" என்றாள். அபுதாபியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவள் கணக்கில் அப்பாவுக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான், அதுவும் சோபாவில் உட்கார்ந்தபடி.

தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. பிட்சருக்கு, அதாவது பந்தெறிகிறவனுக்கு, முழங்கையில் தசைநார் அறுந்துபோனால் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து அங்கே வைத்துக் கட்டுவார்கள் என்பதில் ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். தோசை ஆறிப்போனது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "முசஃபா கதையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முசஃபா கதைதான். நகரத்தில் கண்ணாடிக் கட்டட அலுவலகத்துக்கு மாறிய பிறகும், அபுதாபித் தொழிற்பேட்டையான முசஃபா என்றால் எனக்கு முதலில் மூக்குதான் விழித்துக்கொள்ளும். வெல்டிங் புகை, சூடேறிய கிரீஸ், தண்ணீர் தெளித்த மண், இவற்றுக்கு நடுவே நூஹு காக்காவின் கடையில் கொதிக்கும் ஏலக்காய் டீ. பம்ப் பழுது பார்க்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் நான் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தார்கள், யார் லீவில் போனார்கள் என்று எழுதுவது வேலை. கல்யாணம் ஆகாத காலம். காலை ஏழு மணி டியூட்டிக்கு ஆறரைக்கே போய்விடுவேன். கடமையுணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ரூமில் ஆறு பேருக்கு ஒரே குளியலறை. முந்திக் குளித்தவன் முந்திக் கிளம்ப வேண்டியதுதான்.

யோகண்ணை அங்கே ஃபோர்மேன். யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய பம்ப்பாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சு கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு சித்திரை மாதக் காலையில் என் கேபினுக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"தம்பி, உம்மட்டை இன்டர்நெட் இருக்கெல்லோ? என்ர தங்கச்சின்ர பொடியன் அமெரிக்காவில பந்து எறியிறானாம். ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

லண்டனில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் சொன்ன தகவல். ஒரு தாளில் மருமகனின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்: சாருஜன் சிவபாதசுந்தரம். அமெரிக்காவில் யார் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று முனகிக்கொண்டே தேடினேன். கிடைத்தான். ஒரு பெரிய பேஸ்பால் அணி, அதற்குக் கீழே படிப்படியாக ஐந்தாறு சின்ன அணிகள். ஒவ்வொன்றும் நாம் கேள்விப்படாத ஓர் ஊரில். அதில் ஆகக் கீழ்ப்படியில் சாரு இருந்தான். அந்தத் தளத்தை அமைத்தவர்கள் தமிழ்ப் பெயர்களுக்குத் தயாராக இல்லை. கட்டத்துக்குள் "சிவபா" வரைதான் கொள்ளும். வொர்க்‌ஷாப்பில் அன்றிலிருந்து அவன் பெயரே சிவபா என்றாகிவிட்டது; யோகண்ணைக்கும் எனக்கும் மட்டும் சாரு.

அமெரிக்காவில் மாலை ஆட்டம் முடியும்போது நமக்குப் பொழுது விடிந்திருக்கும். நான் கம்ப்யூட்டரைத் திறக்கும் ஆறரைக்கு ஸ்கோர் தயாராக இருக்கும். ஒரு தாளில் அச்சடித்து, சூடு ஆறுவதற்குள் யோகண்ணையிடம் கொண்டுபோவேன். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்குவார். பிறகு இருவரும் நூஹு காக்காவின் கடைக்குப் போவோம். அவர் காயல்பட்டினத்துக்காரர், அங்கே காக்கா என்றால் அண்ணன்; ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் எதற்கும் அவரிடம் ஒரு கருத்து உண்டு. அந்தப் பையன்கள் ஒரு வீட்டில் நாலைந்து பேராகத் தங்கி, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், மேலே எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார்கள் என்று நான் படித்ததைச் சொன்னபோது, "அப்ப நம்ம லேபர் கேம்ப் வாழ்க்கைண்டு சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்தார்.

ஆட்டத்தை விளக்கும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன். கல்லூரி கிரிக்கெட் அணியில் பன்னிரண்டாவது ஆளாக இருந்த திமிர். 5.1 என்று போட்டிருந்தால் ஐந்து ஓவர், ஒரு பந்து என்று அடித்துவிட்டேன். பி.பி. என்ற கட்டம்தான் கொஞ்சம் இடித்தது. யோசித்து, பெஸ்ட் பால், அதாவது யாராலும் தொட முடியாத பந்து என்று தீர்ப்புச் சொன்னேன். ஒருநாள் சாருவின் பெயருக்கு நேரே பி.பி. ஆறு என்று இருந்தது. இதுவரை இல்லாத எண்ணிக்கை. காக்கா அன்று எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார். பாகிஸ்தானி கிரேன் டிரைவர் வந்து யோகண்ணையைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துத்தான் அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த விளக்கத்தைப் படித்தேன். குறி தவறிய பந்துகளாக வீசி, எதிராளியைச் சும்மா நடந்துபோக விடுவதற்குப் பெயர் பி.பி. பையன் அன்று ஆறு பேரை அப்படி அனுப்பியிருக்கிறான். அவன் வாழ்க்கையில் ஆக மோசமான நாளுக்கு நாங்கள் முசஃபாவில் விருந்து வைத்திருக்கிறோம். இதைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. யோகண்ணை கேட்டுவிட்டு, "பரவாயில்லை, அண்டைக்கு அவனுக்கு ஆறுதல் தேவைப்பட்டிருக்கும்" என்றார்.

அவர் ஏன் தங்கையிடமே கேட்கவில்லை என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. முதல் ஆண்டு முடியும்போதுதான் சொன்னார். தங்கை மலர், கனடாவில். இருவரும் பேசி எட்டு வருடம் ஆகிறது. அம்மா கோப்பாயில் செத்துப்போனபோது இரண்டு பேருமே போகவில்லை. அண்ணன் கிட்டத்தில்தானே இருக்கிறான், அவன் போகவில்லையே என்று தங்கைக்குக் கோபம். அவள்தான் அம்மாவின் செல்லம், அவளே போகவில்லையே என்று இவருக்கு. போனில் இரண்டு வார்த்தை கூடிப்போனது. அதோடு சரி. இப்போது அந்த ஒற்றைத் தாள்தான் அவருக்குத் தங்கை வீட்டுச் செய்தி. பையன் நன்றாக எறிந்திருந்தால், "இண்டைக்கு மலர் சந்தோஷமா இருப்பாள்" என்பார். அடி வாங்கியிருந்தால் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பம்ப்புக்குத் திரும்பிவிடுவார்.

இரண்டாம் ஆண்டில் சாரு இரண்டு படி ஏறினான். மூன்றாம் ஆண்டு ஆரம்பத்தில் இன்னும் ஒன்று. மேலே இரண்டு படிதான் பாக்கி. பெரிய அணியில் பெயர் வந்தால் டிவியில் காட்டுவார்கள் என்று காக்கா கடையில் புது டிவி வாங்குவதாக அறிவித்தார். அந்த ஆடி மாதம் பெயர் காணாமல் போனது. ஐந்து நாளுக்கு ஒருமுறை எறிகிறவன், பத்து நாளாகியும் வரவில்லை. தாள் இல்லாமல் போகக் கூச்சமாக இருந்ததால், அவன் பெயர் இல்லாத ஸ்கோரையும் அச்சடித்துக் கொண்டுபோனேன். யோகண்ணை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான்காவது வாரம் ஒரு சின்ன வரி கிடைத்தது. முழங்கைக் காயம், அறுவை சிகிச்சை.

அன்று அவர் கழற்றிய பம்ப்பைத் திரும்பப் பூட்டவில்லை. அவர் அங்கே வேலை பார்த்த பதினைந்து வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்ததும் காக்கா கடையின் பின்பக்க மேசையில் வந்து உட்கார்ந்தார். கனடாவில் அப்போது காலை ஒன்பது. லண்டன் சித்தப்பா மகன் கொடுத்த தங்கையின் நம்பர் அவருடைய பர்ஸுக்குள் இரண்டு வருடமாக மடிந்து கிடந்திருக்கிறது. காலிங் கார்டைச் சுரண்டிக் கொடுத்தேன். எண்களை அழுத்தியவர் இரண்டு தடவை நடுவிலேயே நிறுத்திவிட்டார். மூன்றாவது தடவை மணி போனது.

"மலர், நான் யோகன் கதைக்கிறன்."

வைத்துவிட்டாளோ என்று காக்கா என்னைப் பார்த்தார்.

"நாலு கிழமையாப் பொடியன்ர பேரைக் காணேல்லை. அதுதான் எடுத்தனான்."

பிறகு அவர் அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரே ஒருமுறை இவர் சொன்னார். "எனக்கும் பாஸ்போட் தரேல்லையடி. மூண்டு நாள் கபீல்ன்ர வாசலில நிண்டனான்." காக்கா எழுந்து, தேவையே இல்லாமல் கல்லாப் பக்கத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் காலி டீ கிளாஸைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

கார்டு தீர்ந்து தானாகத் துண்டித்தபோதுதான் போனை வைத்தார். அம்மா செத்த நேரத்தில் தங்கைக்கு அகதி வழக்கு முடியவில்லையாம். கனடாவை விட்டு வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களாம். அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. கபீல், அதாவது முதலாளி, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்ததை இவரும் சொல்லவில்லை. அண்ணன் தங்கை இருவருமே மற்றவர் நன்றாக இருப்பதாக நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பையனுடைய கையைப் பற்றிப் பேச மறந்துபோனதாம். மறுநாள் இன்னொரு கார்டு வாங்கினார்.

சாரு ஒரு வருடம் கழித்து மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தான். இப்போது தகவல் நேரடியாகத் தங்கையிடமிருந்தே வந்தது. ஆனாலும் யோகண்ணை தாளை விடவில்லை. காலையில் கேபின் வாசலில் வந்து நிற்பார். பழைய வேகம் இல்லை என்று எண்களே சொல்லின. ஐந்தாம் ஆண்டு சீசன் தொடங்கும் நேரத்தில், பெயருக்கு நேரே "ரிலீஸ்டு" என்று போட்டிருந்தது.

நான் வாசித்ததும் கடையில் இருந்த அத்தனை பேரும் சந்தோஷப்பட்டார்கள். வளைகுடாவில் ரிலீஸ் என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியாததல்ல. கபீல் கையெழுத்துப் போட்டு ரிலீஸ் கொடுத்தால்தான் இன்னொரு கம்பெனிக்கு மாற முடியும். அதற்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் அந்தக் கடையிலேயே இருந்தார்கள். "ரிலீஸ் குடுத்துட்டானா? மாஷா அல்லாஹ். வேற நல்ல எடமாப் பாத்துக்கிடலாம்" என்றார் காக்கா. யோகண்ணையும் சிரித்தார். இந்த முறை எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. பி.பி. விஷயத்தில் ஒரு மாதம் ஒளித்தவன் இதை ஒளிக்கக்கூடாது என்று, அவரை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன். அணி அவனை வேண்டாமென்று அனுப்பிவிட்டது; வேறு அணிகளும் அநேகமாக எடுக்கமாட்டார்கள்.

ரோட்டைப் பார்த்தபடி, "வீட்டுக்குப் போயிடுவான் என்ன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்றார்.

அந்தக் கோடையில் மலரக்காவும் சாருவும் ஊருக்குப் போகும் வழியில் இரண்டு நாள் அபுதாபியில் இறங்கினார்கள். விமான நிலையத்தில் அண்ணனும் தங்கையும் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, வொர்க்‌ஷாப் விடுமுறை. மருமகனுக்குத் தான் வேலை செய்யும் இடத்தைக் காட்ட வேண்டும் என்றார் யோகண்ணை. ஆறடிக்கு மேல் உயரமான பையன், வெட்கச் சிரிப்பு, பாதி ஆங்கிலம் கலந்த யாழ்ப்பாணத் தமிழ். பையில் ஒரு பந்து வைத்திருந்தான். வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு யோகண்ணை முற்றத்தின் அந்தக் கோடியில் போய் நின்றார். சாரு மெதுவாக, குழந்தைக்குப் போடுவதுபோல் போட்டான். பத்தில் ஒன்பதை யோகண்ணை விட்டார்.

"ஒருக்கா உண்மையா எறியடா பாப்பம்" என்று விலகி நின்றார்.

"வேகம் இல்லை மாமா இப்ப. தட்ஸ் வை தே லெட் மீ கோ."

"பரவாயில்லை, எறி."

சாரு காலைத் தூக்கி, உடம்பைச் சுழற்றி எறிந்தான். பந்தை யாரும் பார்க்கவில்லை. மூலையில் நின்ற இரும்பு கன்டெய்னரில் இடி விழுந்தது போல ஒரு சத்தம். கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. காக்கா கன்டெய்னர் அருகே போய்ப் பள்ளம் விழுந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவா வாப்பா வேகம் இல்லாதது?" என்று கேட்டார். மலரக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யோகண்ணை மருமகனின் முழங்கையைப் பிடித்து, அந்தத் தழும்பு மேல் கட்டை விரலை வைத்து, பேரிங் பார்ப்பதுபோல மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்த கதை. அந்த வொர்க்‌ஷாப்பை இடித்துக் கார் ஷோரூம் கட்டிவிட்டார்கள். நூஹு காக்கா காயல்பட்டினத்துக்கே போய்விட்டார். கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். காலிங் கார்டு என்றால் என் மகளுக்கு என்னவென்றே தெரியாது. சாரு கனடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தெறியப் பழக்குகிறான். யோகண்ணை ஃபைனல் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, கோப்பாயில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை தங்கை வந்து ஒரு மாதம் தங்கிப் போகிறார்.

மகளிடம் பேசி முடித்த மறுநாள் அவருக்குப் போன் செய்தேன். இப்போது பேஸ்பால் பார்ப்பதுண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

"உண்மையைச் சொன்னால் தம்பி, உந்த விளையாட்டு எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை. நீர் கஷ்டப்பட்டுச் சொல்லித் தாறீர் எண்டு தலையாட்டினனான். பேர் இருக்கோ எண்டு மட்டும்தான் பாத்தனான்."

நாலு சீசன் நான் நடத்திய வகுப்பு ஒரு நிமிடத்தில் போயிற்று. இப்போது அவருக்கு யாரும் தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. காலையில் தங்கையே கூப்பிட்டுவிடுகிறார். எனக்குத்தான், சித்திரை பிறந்து சீசன் தொடங்கினாலும், ஆறரை மணிக்கே அலுவலகம் போக ஒரு காரணமும் இல்லை.