கூரைக்கு ஊற்றிய குடம் தண்ணீர்

என் தங்கை யசோதராவைக் கட்டிய குணசேகரனுக்குப் படகு செய்கிற வேலை. கடலில் இறங்கத் தெரியாது. வியாசர்பாடி போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவருக்குக் கடல் எங்கே பழக்கம்? காசிமேட்டில் ஆசீர்வாதம் என்பவரின் கொட்டகையில் ஃபைபர் படகு வார்ப்பார். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பசை ஊற்றி, உருளையால் தேய்த்துக் காயவிட்டால், படகு முழுசாகக் கழன்று வரும்.

கழன்று வந்ததும் அடிப்பக்கத்தில் ஒரு துளை போடுவார்கள். கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் அதன் வழியாக வடியும். கடலுக்குப் போகும்போது திருகி மூடிவிடலாம். அந்தத் துளைக்குத் தொப்புள் என்று பேர். தொப்புள் போட்டதும், படகு செய்தவரும் அவர் வீட்டுக்காரியும் வர வேண்டும். ஒருவர் படகுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கீழே குந்தி, வழிகிற தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வார். அது நடக்காமல் ஆசீர்வாதம் எந்தப் படகுக்கும் நம்பர் எழுத மாட்டார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் எங்கள் யசோதராதான் ஊற்றினாள். சுனாமிக்குப் பிறகு ஒரே நாளில் மூன்று படகு வெளியே வந்ததும் உண்டு. “என் இடுப்பு உட்டுப்போச்சுய்யா” என்று புருஷனைத் திட்டிக்கொண்டே ஊற்றுவாள். இன்னொருத்தியைக் குடம் தொட விடமாட்டாள்.

அவளுடைய இன்னொரு பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பேர் அப்பாவு. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் மூட்டை தூக்கியவர். சாராயம் குடித்தே போய்ச் சேர்ந்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது, அவளுக்கு ஒன்பது. அன்றிலிருந்து மது இருக்கிற வாசலை அவள் மிதித்ததில்லை. என் பெரிய மகன் கல்யாணத்தில் சமையல்கட்டில் ஒரு பாட்டிலைப் பார்த்துவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பெண் வீட்டார் கைகட்டி நின்று கெஞ்சினார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, “சாம்பார் சோக்கா கீது” என்றாளே தவிர உள்ளே வரவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் படகு ஆர்டர் குறைந்து, கொட்டகை காற்று வாங்கியது. அப்போதுதான் பரசுராமன் வந்தார். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர், கட்டடம் வரைகிறவர். மணலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த படகுகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, குணசேகரனிடம் கேட்டார்: “இதே மாதிரி, பத்து மடங்கு பெரிசா, கவுத்தபடி செய்ய முடியுமா? நாசிக்ல ஒரு ஒயின் ஆலைக்குக் கூரை.”

“படகுன்னா படகுதான் சார். எத்தினி பெரிசா இருந்தா இன்னா?” என்று சொல்லிவிட்டு இவர் ரயிலேறிவிட்டார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மூஞ்சியில் ஒரு சுரத்தும் இல்லை. கேட்டால், “நல்லாத்தான் வந்துச்சு” என்பார். அதற்கு மேல் பேச்சு இராது.

இரண்டு வருடம் போனது. ஆலைத் திறப்புக்கு வேலை செய்தவர்களெல்லாம் குடும்பத்தோடு வர வேண்டும் என்று டிக்கெட் வந்தது. எனக்கும் சேர்த்து. டிக்கெட்டைப் பார்த்ததும் யசோதரா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

“சாராயம் காச்சுற எடத்துக்கு என்னக் கூப்டுறியா?”

“சாராயம் இல்ல யசோ. திராட்ச.”

“எங்க நைனாவும் அப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு. வெறும் வெல்லம்தான் புள்ள, வெல்லம்தான்னு.”

ராத்திரி குணசேகரன் என்னிடம் மட்டும் சொன்னார்: “அக்கா, எல்லாப் படகும் கடலுக்குப் போயி ஒடஞ்சி போவும். இது ஒண்ணுதான் நிக்கும். இத்த அவ பாக்கணும்.”

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். “வரேன். ஆனா உள்ள வர மாட்டேன். வண்டியிலயே குந்திகினு இருப்பேன்” என்றாள். அரக்கோணம் தாண்டி ரயிலில் போனதில்லை, அந்த ஆசையும் இருந்தது.

பூனாவில் இறங்கி, பஸ் பிடித்து நாசிக் போனோம். பரசுராமன் ஜீப்போடு வந்தார். ஊருக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று முதலில் வேறு இரண்டு ஆலைகளுக்குக் கூட்டிப்போனார். ஒன்று குன்றின் மேல் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நடந்தால் திராட்சைத் தோட்டத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று பாதி மண்ணுக்குள், கறுப்புக் கல்லில். கதவே தெரியவில்லை, சுவர்தான் விலகி வழிவிட்டது. நான் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல, இவள் ஜீப்பில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்: “கண்ணாடி வூடா? காக்கா முட்டிக்காதா?”

மூன்றாவது நம்முடையது. தூரத்திலிருந்தே தெரிந்தது. பச்சைத் தோட்டத்துக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஐந்து படகு கவிழ்ந்து கிடந்தது. யசோதரா கடலையைக் கீழே வைத்தாள். ஆனால் இறங்கவில்லை.

குணசேகரன் ஜீப் படியோரம் குந்திக்கொண்டார்.

“யசோ, ஒரு தப்பு பண்ணிட்டேன். ரெண்டு வருசமா சொல்லல.”

“எவ அவ?”

“அய்ய, அது இல்ல. நடுப்படகு அச்ச உட்டு வந்துச்சா, கை சும்மா இருக்கல. பழக்கத்துல தொப்புள் போட்டுட்டேன். சொம்பு வாய் அகலத்துக்கு. இது கூரைன்றதே மறந்துபோச்சு. மொத மழையில பீப்பாய் மேல ஒழுவிச்சு. இஞ்சினீயரு என்னக் கிழி கிழின்னு கிழிச்சிட்டாரு.”

யசோதரா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கூரைக்குத் தொப்புளா? கேட்டியாக்கா இந்த ஆள் பண்ண வேலைய!”

பரசுராமனும் சிரித்தார். “அடைக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்மா. கண்ணாடியில திருகு மூடி போட்டிருக்கு. வெயில் அது வழியா இறங்குற அழகு, நான் வரைஞ்சதுல எங்கயும் இல்ல.”

சிரிப்பு அடங்கியதும் அவள் புருஷனை உற்றுப் பார்த்தாள்.

“தண்ணி யாரு ஊத்துனது?”

“யாரு ஊத்துறது? நீ இங்க இல்லியே.”

“அப்போ ரெண்டு வருசமா மொட்டையா நிக்குதா?”

அவர் தலையைச் சொறிந்தார். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பின்பக்கம், கூரையைக் கழுவுகிற ஆட்கள் ஏற இரும்பு ஏணி இருந்தது. ஊற்றுகிறவர் மேலே ஏற வேண்டும், ஏந்துகிறவர் உள்ளே பீப்பாய்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். அவளுக்கு ஏணி என்றால் பயமே கிடையாது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறவளே அவள்தான். இருந்தும் மெதுவாக ஜீப்பிலிருந்து இறங்கிப் புடவையை உதறிச் செருகினாள்.

“எனக்கு ஏணி ஏறுனா தலை சுத்தும். நீ போய் ஊத்து. நான் கீழ நிக்கிறேன்.”

எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் குடம் தேடிப் போனார்.

குடம் கிடைக்கவில்லை. திராட்சை கழுவுகிற எவர்சில்வர் வாளி கொடுத்தார்கள். வாசற்படியில் யசோதரா ஒரு நிமிஷம் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வலது காலை எடுத்து வைத்தாள்.

உள்ளே குளிர்ச்சி. வரிசை வரிசையாக மரப் பீப்பாய். மேலே படகின் வயிறு வளைந்து இறங்க, நடுவில் ஒரே ஒரு வெளிச்சத் தூண் தரைவரைக்கும் நின்றது. அவள் அதற்குள் போய் நின்று அண்ணாந்தாள். மூடி கழன்றது. துளையில் குணசேகரன் முகம் தெரிந்தது.

“தெரியுதா யசோ?”

“உன் மூக்கு தெரியுது. ஊத்துய்யா.”

தண்ணீர் வெயிலோடு சேர்ந்து விழுந்தது. ஏந்தின கையில் அடங்காமல் தலை, தோள், புடவை எல்லாம் நனைந்தது. திறப்புக்கு வந்திருந்த வெள்ளைச் சட்டைப் பெரிய மனிதர்கள் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

“போதுமா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“இன்னொரு வாளி ஊத்து. ரெண்டு வருசப் பாக்கி கீது.”

ஊருக்குத் திரும்பியதும் எதிர் வீட்டு செங்கொடி, “இன்னா யசோ, ஒயின் கடைக்குப் போய் வந்தியாமே” என்று சீண்டினாள்.

“எங்க வூட்டுக்காரரு படகுக்குத் தண்ணி ஊத்தப் போனேன்” என்று சொல்லிவிட்டு இவள் குழாயடிக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.